ஞாயித்துக்கிழமை ஸ்டீம் கிளாஸ்: புள்ளைங்கள மட்டும் இல்ல, வீட்டையே உள்ள இழுக்கற வழி

ஸ்டீம்னா (STEAM) அறிவியல், தொழில்நுட்பம், இஞ்சினியரிங், கலை, கணக்கு அஞ்சையும் சேத்து செஞ்சு பாத்து கத்துக்கறது. முதல்ல என் கதைய சொல்லிடறேன், ஏன்னா நான் பண்ண தப்பத்தான் இதை ஆரம்பிக்கற பாதி பேரு பண்றாங்க. 2023 ஆகஸ்ட் 23, சந்திரயான்-3 நிலாவுல இறங்குன அன்னிக்கு சாயங்காலம் கும்பகோணத்துல எங்க தெருவுல ஒரு வீடு விடாம டிவி ஓடிட்டு இருந்துச்சு. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர்னு தெரிஞ்சதும் மறுநாள் பால் வாங்கற எடத்துல ரெண்டு அப்பாக்கள் என்னைப் புடிச்சுக்கிட்டு "சார், நீங்க லேப்ல இருந்தவராச்சே, நம்ம புள்ளைங்களுக்கு எதாச்சும் சொல்லித் தரக்கூடாதா"ன்னாங்க. எனக்கும் ஆசைதான். இருபதாயிரத்துக்கு மேல செலவு பண்ணி ரோபோ கிட்டு, மோட்டாரு, ரோபோவ இயக்கற சர்க்யூட் போர்டு எல்லாம் வாங்கி மொட்டை மாடியில ஷீட்டு போட்டு ஆரம்பிச்சேன், பதினாலு புள்ளைங்க. நாலாவது மாசம் அஞ்சு பேரு. அந்த அஞ்சுலயும் ஒண்ணு என் தங்கச்சி பையன், அவன கணக்குல சேக்கக்கூடாது.

கிட்டு நல்லாத்தான் இருந்துச்சு, புள்ளைங்களும் ஆசையாத்தான் வந்துச்சுங்க, நின்னது வீட்டுல. "ஞாயித்துக்கிழமை எங்கயோ போறான், என்னமோ ஒயரு வெச்சு விளையாடறான், என்னன்னு கேட்டா சொல்லத் தெரியல" அப்படின்னு ஒரு அம்மா சொன்னாங்க பாருங்க, அங்கதான் எனக்கு மண்டையில உறைச்சுச்சு. நான் வீட்ட வாசல்லயே நிறுத்திட்டேன். புள்ளைய கொண்டாந்து விடறதும் கூட்டிட்டுப் போறதும் மட்டும்தான் அவங்க வேலைன்னு வெச்சிருந்தேன். வேலை குடுக்காத எடத்துல யாரும் ரொம்ப நாள் நிக்க மாட்டாங்க. இப்ப அதே மாடியில இருபத்தி ரெண்டு புள்ளைங்க வருது, பத்து பன்னண்டு பெரியவங்க மாத்தி மாத்தி வேலை செய்யறாங்க, அது எப்படின்னுதான் இந்தப் பதிவு.

நாளும் நேரமும்

இத சாதாரணமா நெனைக்காதீங்க, பாதி வருகை இதுலதான் இருக்கு. சனிக்கிழமை வேணாம், நிறைய ஸ்கூல் வெக்கறாங்க, இல்லாட்டி டியூஷன். ஞாயிறு காலையில 10 மணிலேருந்து 11:30. ஒன்றரை மணி நேரம் போதும், ரெண்டு மணி நேரம் ஆச்சுன்னா சின்னதுங்க நெளிய ஆரம்பிச்சிடும், மதிய சாப்பாட்டு வேலையில இருக்கற அம்மாவுக்கும் கூப்புட வர முடியாது.

அப்புறம் காலண்டர எடுத்து முகூர்த்த நாள பாத்துக்கங்க. நான் முதல் வருஷம் பாக்கல, ஆவணியில ஒரு ஞாயிறு அழகா பிளான் பண்ணி வெச்சிருந்தேன், வந்தது மூணு பேரு, மீதி எல்லாம் கல்யாண மண்டபத்துல. ஆடியிலயும் மார்கழியிலயும் கல்யாணம் கிடையாது, அதனால வருஷத்துல நல்ல கூட்டம் வர்ற மாசம் அந்த ரெண்டும்தான், பெரிய புராஜெக்ட்ட அங்க வைங்க. ஆடிப்பெருக்க ஒட்டி வர்ற ஞாயிறு மட்டும் விட்டுடுங்க, எங்க ஊருல யாரும் வீட்டுல இருக்க மாட்டாங்க. செப்டம்பர்ல காலாண்டு, டிசம்பர்ல அரையாண்டு, அந்த ரெண்டு ரெண்டு வாரம் நீங்களே லீவு விட்டுடுங்க, "பரீட்சை நேரத்துல தொந்தரவு பண்ண மாட்டாங்க"ன்னு ஒரு பேரு வந்துச்சுன்னா அது பெரிய சொத்து.

வயசு 8லேருந்து 10 ஒரு குழு, 11லேருந்து 13 ஒரு குழு. கலந்து போட்டா பெருசுங்க செய்யும், சின்னதுங்க வேடிக்கை பாக்கும். எட்டுப் புள்ளைக்கு ஒரு பெரியவங்க இருந்தே ஆகணும், கத்திரிக்கோல், பசை துப்பாக்கி எடுக்கற அன்னிக்கு இன்னும் ஒருத்தர் வேணும்.

எடம்னா மொட்டை மாடி, தெரிஞ்ச ஸ்கூல் வராண்டா, கிளை நூலகம், எதுன்னாலும் சரி. மூணு விஷயம் மட்டும் பாருங்க, நிழல், தண்ணி, பூட்டு போட முடியற டாய்லெட். மூணாவது ஏன்னு பின்னாடி சொல்றேன்.

காசு

ரோபோவுல ஆரம்பிக்காதீங்க. ஒரு போர்டு ஐநூறு ரூபா சுமார் ஆகும், எட்டுப் பேருக்கு ரெண்டு போர்டுதான் வாங்க முடியும், ஒருத்தன் தொடுவான் மத்தவங்க எட்டிப் பாப்பாங்க. அதே காசுக்கு எல்இடி, பழைய அட்டைப் பெட்டி, நூலு, பலூன், பொம்மை மோட்டாருன்னு வாங்குனா எல்லாரு கையிலயும் ஒண்ணு இருக்கும். அர்விந்த் குப்தாவோட குப்பைப் பொம்மைகள தேடிப் பாருங்க, ஸ்ட்ராவுலயும் தீக்குச்சியிலயும் அவ்ளோ இருக்கு. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோட துளிர் பத்திரிகை பழைய இதழ்கள் கெடச்சாலும் விடாதீங்க, தமிழ்லயே செய்முறை இருக்கும்.

ஃபீஸ் வாங்குங்க, கொஞ்சமா. ஓசின்னா "இன்னிக்கு வேணாம், அடுத்த வாரம் பாத்துக்கலாம்"னு ஆயிடுது. கட்ட முடியாதவங்களுக்கு கட்ட வேணாம்னு தனியா சொல்லிடுங்க, யாரு கட்டறா யாரு கட்டலன்னு இன்னொரு அம்மாவுக்கு தெரியவே கூடாது. நாங்க ஒரு டப்பா வெச்சிருக்கோம், மாசக் கடைசியில கவர்ல போட்டுட்டுப் போவாங்க, கவர்ல பேரு எழுதக்கூடாது. கணக்கு கொஞ்சம் முன்ன பின்ன வரும், பரவால்ல.

ஒரு கிளாஸ் எப்படிப் போகும்

எல்இடி கிளாஸையே எடுத்துக்கங்க, ஏன்னா எல்லாரும் இதுலதான் ஆரம்பிப்பாங்க, எல்லாரும் இதுலதான் தப்பும் பண்ணுவாங்க. முதல் பத்து நிமிஷம் நீங்க வாயே திறக்கக்கூடாது. ஆளுக்கு ஒரு சிவப்பு எல்இடி, ஒரு சிஆர் 2032 பட்டன் செல் (காசு மாதிரி தட்டையா இருக்கற சின்ன பேட்டரி), "எரிய வைங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு நகந்துடுங்க. காலு ரெண்டும் ஒரே நீளம் இல்லன்னு யாராச்சும் ஒரு புள்ள கண்டுபுடிக்கும், திருப்பிப் போடும், எரியும், கத்தும். அந்தக் கத்தலுக்காகத்தான் பத்து நிமிஷம் சும்மா இருக்கச் சொன்னேன், நீங்க "நீளக் கால் பாசிட்டிவ்"னு முன்னாடியே சொல்லிட்டா அந்தக் கத்தல் வராது.

அப்புறம் நீல எல்இடி ஒண்ணு குடுங்க. தனியா எரியும். இப்ப சிவப்பையும் நீலத்தையும் ஒரே செல்லுல சேத்து மாட்டச் சொல்லுங்க, சிவப்பு எரியும், நீலம் அணைஞ்சிடும். பாதிப் புள்ளைங்க நீலம் ரிப்பேருன்னு சொல்லும். வேற குடுங்க, அதுவும் எரியாது. இப்ப கேளுங்க ஏன்னு. சிவப்புக்கு சுமார் 2 வோல்ட் போதும், நீலத்துக்கு 3 கிட்ட வேணும், சிவப்பு சேந்ததும் வோல்ட்ட கீழ இழுத்து புடிச்சிக்குது, நீலத்துக்கு எட்டல. நான் இத "ஒரே குழாயில மாடி வீடும் கீழ் வீடும்"னு சொல்லுவேன், கீழ் வீட்டுல குழாயத் தொறந்தா மாடிக்கு தண்ணி ஏறாதுல்ல, அந்த மாதிரி. உதாரணம் அப்படியே பொருந்தாதுதான், ஆனா பத்து வயசுக்கு அது போதும்.

அடுத்த அரை மணி நேரம் அதை வெச்சு எதாச்சும் செய்யணும், வாழ்த்து அட்டையா, கொலு பொம்மைக்கு விளக்கா, அவங்க இஷ்டம். ஸ்டீம்ல அந்த 'ஏ' கலைக்குத்தான், அத கடைசியில கலர் பென்சில் குடுத்து முடிக்கற வேலையா வெச்சுடாதீங்க. ஒரு பொண்ணு மாவிளக்கு மாதிரி களிமண்ல செஞ்சு நடுவுல எல்இடி வெச்சா, ஈரக் களிமண் வழியா கரண்ட் கசிஞ்சு மங்கலாச்சு, அதுல ஒரு புதுக் கிளாஸே கெடச்சுச்சு.

இங்க ஒண்ணு சீரியஸா. பட்டன் செல்ல வீட்டுக்கு குடுத்து விடாதீங்க. தம்பி தங்கச்சி எடுத்து வாயில போட்டுச்சுன்னா அது தொண்டையில மாட்டி ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உள்ள புண்ணாக்கிடும், எச்சில்ல கரண்ட் பாஞ்சு அந்த எடமே வெந்து போகும். முழுங்கிட்டதா சந்தேகம் வந்தாலே நேரா ஆஸ்பத்திரி, வாந்தி எடுக்க வெக்கறதெல்லாம் கூடாது. கிளாஸ் முடிஞ்சதும் எண்ணி வாங்குங்க, நான் முட்டை அட்டையில குழிக்கு ஒண்ணா வெச்சு எண்ணுவேன், ஒரு குழி காலியா இருந்தா ஒருத்தரும் கீழ எறங்க முடியாது. வீட்டுக்கு வேணும்னா ரெண்டு பென்சில் பேட்டரி, ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், அது போதும். பெத்தவங்ககிட்ட ஏன்னு காரணத்தோட சொல்லுங்க, இத சொன்ன அன்னிக்குத்தான் ரெண்டு மூணு வீட்டுல என் மேல நம்பிக்கையே வந்துச்சு.

வீட்டுக்கு என்ன குடுத்து விடணும்

ஹோம் ஒர்க் குடுக்காதீங்க. சண்டைய குடுத்து விடுங்க. நெசமாத்தான் சொல்றேன்.

எங்க கிளாஸ்ல இதுவரைக்கும் சூப்பர் ஹிட்டு இட்லி மாவுதான். மாவ கையால கரைச்சாத்தான் பொங்கும்னு மாமியாரு, கரண்டியால கலக்குனாலும் அதேதான்னு மருமக, இது எல்லா வீட்டுலயும் ஓடற கேஸு. புள்ளைங்ககிட்ட இப்படிச் சொல்லி விட்டேன்: ஒரே மாவு, ரெண்டு ஒரே மாதிரி கண்ணாடி டம்ளரு, ரெண்டுலயும் ரெண்டு விரக்கடை மாவு, ஒண்ணு கையால கலக்குனது, ஒண்ணு கரண்டி, மாவு மட்டத்துல ரப்பர் பேண்டு, ராத்திரி எட்டு மணிக்கு வெச்சு காலையில ஆறுக்கு பாத்து ஸ்கேலால அளந்து எழுதணும். யாரு கலக்குனாங்கன்னும் எழுதணும்.

அந்த வாரம் எனக்கு வந்த போன்கால் மாதிரி அதுக்கு முன்னாடி வந்ததே இல்ல. ஒரு பாட்டி போன் பண்ணி "தம்பி, அவ கரண்டி டம்ளர அடுப்பு பக்கத்துல வெச்சுட்டா, இது செல்லாது"ன்னாங்க. பாத்தீங்களா, சோதிக்கற ஒண்ண தவிர மத்ததெல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்னு நான் மூணு கிளாஸ் எடுத்தும் புரியாதத பாட்டி ஒரே வரியில சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமை பதினோரு வீட்டு அளவையும் போர்டுல எழுதுனோம், ஏழு வீட்டுல கை, மூணுல சமம், ஒண்ணுல கரண்டி. உடனே கை ஜெயிச்சிருச்சுன்னு கத்துனானுங்க. அப்ப ஒரு பையன் எழுந்து "சார், கையால கலக்குனவங்க ரொம்ப நேரம் கலக்குனாங்க, கரண்டிக்காரங்க ரெண்டு சுத்து சுத்திட்டு விட்டுட்டாங்க"ன்னான். அடுத்த வாரம் மறுபடியும் வெச்சோம், இந்த தடவை ரெண்டும் ஐம்பது சுத்து. வித்தியாசம் பாதியா கொறஞ்சிருச்சு. இன்னும் தீர்ப்பு சொல்லல, வழக்கு நடந்துட்டு இருக்கு.

மாவு பொங்கறது உள்ள இருக்கற பாக்டீரியா விடற கார்பன் டை ஆக்சைடாலன்னு கடைசியில ரெண்டு நிமிஷம் சொன்னா போதும், அதுக்குள்ள அவங்களே கேட்டுடுவாங்க.

இந்த மாதிரி வீட்டு விஷயம்தான் தேடணும். மஞ்சள் தடவுன பேப்பர்ல சோப்புத் தண்ணி பட்டா செவக்கறது, செம்பருத்தித் தண்ணியில எலுமிச்சை புழிஞ்சா கலர் மாறறது, பானைத் தண்ணி ஏன் சில்லுன்னு இருக்கு, இப்படி. வீட்டுல இல்லாத பொருள் ஒண்ணு வேணும்னாலே பாதிப் பேரு விட்டுடுவாங்க.

பெரியவங்களுக்கு வேலை

சேரும்போது ஒரு பேப்பர் குடுப்போம், ரெண்டே கேள்வி. நீங்க என்ன வேலை பாக்கறீங்க, உங்க கைக்கு என்ன நல்லா வரும். படிப்பு என்னன்னு கேக்கவே மாட்டோம், அந்தக் கேள்விய பாத்ததும் நிறைய அம்மாக்கள் பேப்பர மடிச்சு பையில வெச்சுக்குவாங்க. ரெண்டாவது கேள்விக்கு முதல்ல எல்லாரும் "ஒண்ணும் இல்லீங்க"ன்னுதான் எழுதுவாங்க, நீங்க வாசல்ல நின்னு பேச்சு குடுக்கணும், அப்பத்தான் வெளிய வரும்.

அப்படி வந்தவர்தான் திருபுவனத்துலேருந்து ஒரு தறிக்கார அப்பா. "சார், நான் எட்டாவதுதான், நான் என்னத்த சொல்லித் தர"ன்னாரு. தறிக்கு மேல இருக்கற, டிசைன் நெய்ய உதவற ஜக்கார்டு பெட்டி பத்தி சொல்லுங்கன்னேன். அடுத்த ஞாயிறு பழைய டிசைன் அட்டை ஒரு கட்டு, கயித்துல கோத்தது, தோள்ல மாலை மாதிரி போட்டுட்டு வந்தாரு. ஓட்டை இருந்தா பாவு நூல் (நீளவாக்குல ஓடறது) மேல ஏறும், இல்லாட்டி கீழயே இருக்கும், ஒரு அட்டைக்கு ஒரு ஊடை (குறுக்க போற நூல்), அவ்ளோதான்னாரு. நான் போர்டுல 1, 0ன்னு எழுதி வெச்சேன். பிரான்ஸ்ல 1804 வாக்குல ஜக்கார்டுன்னு ஒருத்தர் செஞ்ச மெஷின், இந்த ஓட்டை அட்டை யோசனைதான் பின்னாடி கம்ப்யூட்டருக்கு போச்சுன்னு சொன்னதும் அவரு பொண்ணு அப்பாவ பாத்த பார்வை இருக்கே.

கட்டம் போட்ட நோட்டுல எட்டுக்கு எட்டு கட்டத்துல ஆளுக்கு ஒரு டிசைன் போடச் சொன்னோம். ஒரு பையன் தன் பேரோட முதல் எழுத்த பெருசா, கட்டம் முழுக்க கறுப்படிச்சு போட்டிருந்தான். நான் சூப்பர்னுட்டு போயிட்டேன். அவரு குனிஞ்சு பாத்துட்டு, "தம்பி, இத்தனை கட்டம் நூலு தூக்கியே இருந்தா சேலைக்கு மேல தொங்கும்டா, வளையல்ல மாட்டும், மோதிரத்துல மாட்டும். நடுவுல எங்கயாச்சும் கட்டிப் போடு"ன்னாரு. பையன் ரெண்டு கட்டத்துக்கு ஒண்ணு வெள்ளை விட்டு மறுபடி போட்டான், எழுத்து போயிருச்சு, மறுபடி போட்டான். முக்கால் மணி நேரம். இஞ்சினியரிங் டிசைன்னா என்னன்னு நான் ஸ்லைடு போட்டு சொல்லியிருந்தா பத்து நிமிஷத்துல தூங்கியிருப்பானுங்க.

அதுக்கப்புறம் அந்த வீடு ஒரு ஞாயிறு கூட லீவு போட்டதில்ல. பொண்ணுக்கு காய்ச்சல்னா கூட அவரு மட்டும் வந்து ஷீட்டு கட்டிட்டு போவாரு.

இன்னொண்ணு கோலம். சிக்குக் கோலம் நல்லா போடற பாட்டி ஒருத்தர கூப்டு தரையில உக்காத்தி வெச்சோம். நேர்புள்ளி, வரிசைக்கு வரிசை வெச்சு, எல்லாப் புள்ளிக்கும் நடுவுல கோடு குறுக்க பாயற சாதா சிக்கு. மூணுக்கு நாலு புள்ளி வெச்சா ஒரே கோட்டுல கை எடுக்காம முடிஞ்சிடும். நாலுக்கு நாலு வெச்சா நாலு தனித்தனி கோடு. நாலுக்கு ஆறு, ரெண்டு கோடு. புள்ளைங்க ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கலர் பொடி போட்டு எண்ணிட்டே வந்துச்சுங்க, நாலஞ்சு கோலத்துக்கு அப்புறம் ஆறாவது படிக்கற ஒரு பொண்ணு "இது மீ.பொ.கா.தானே"ன்னா. அதேதான், ரெண்டு எண்ணோட மீப்பெரு பொதுக் காரணி எத்தனையோ அத்தனை கோடு. பாட்டிக்கு அந்த வார்த்தை தெரியாது, ஆனா "அஞ்சுக்கு ஏழு வெச்சுப் பாரு, ஒண்ணுதான் வரும்"னு போடறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில கிஃப்ட் சிரோமணி 1970கள்லயே கோலத்த வெச்சு கம்ப்யூட்டர் கணக்கு ஆராய்ச்சி பண்ணிருக்காருன்னு சொன்னப்ப பாட்டி "ஆம்பளையா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

மெக்கானிக் அப்பா இருந்தா சைக்கிள் பல்சக்கரம், டெய்லர் அம்மா இருந்தா ஒரு துணியில எத்தனை ஜாக்கெட் வரும்னு வெட்டுக் கணக்கு, பாத்திரப் பட்டறை ஆளு இருந்தா செம்பு பித்தளை, இப்படி உங்க ஊருல என்ன இருக்கோ அது. ஆனா ஒரு விஷயம், கூப்புட்டு வெச்சு மைக்கு குடுத்து பேசச் சொல்லிடாதீங்க. பொருளக் கையில குடுங்க, புள்ளைங்கள சுத்தி உக்காத்துங்க, பேச்சு தானா வரும்.

வாட்ஸ்அப் குரூப்பு

அட்மின் மட்டும் போடற மாதிரி வெச்சுடுங்க, இல்லாட்டி குட் மார்னிங் ரோஜாப்பூல உங்க மெசேஜ் முழுகிப் போயிடும். வாரத்துக்கு ரெண்டே மெசேஜ். புதன்கிழமை ராத்திரி எட்டரைக்கு ஒரு வாய்ஸ், நாப்பது செகண்டுக்குள்ள, வர்ற ஞாயிறு என்ன, வீட்டுலேருந்து என்ன கொண்டு வரணும்னு. எழுதிப் போட்டா படிக்க மாட்டாங்க, சமையல் பண்ணிட்டே வாய்ஸ் கேப்பாங்க. பேரன் பேத்திய பாத்துக்கற தாத்தா பாட்டி நம்பரும் குரூப்புல இருக்கணும், நெறைய வீட்டுல உண்மையான ஹெட் ஆபீஸ் அவங்கதான். ஞாயிறு மதியம் ரெண்டாவது மெசேஜ், இன்னிக்கு என்ன பண்ணோம், ராத்திரி சாப்பிடும்போது புள்ளகிட்ட கேக்க ஒரே ஒரு கேள்வி. "நீல லைட்டு ஏன் அணைஞ்சுது?" அவ்ளோதான். "இன்னிக்கு என்ன கத்துக்கிட்ட"ன்னு கேட்டா எந்தப் புள்ளையும் "ஒண்ணுமில்ல"ன்னுதான் சொல்லும், இந்தக் கேள்விக்கு அப்படி தப்பிக்க முடியாது.

போட்டோ விஷயத்துல கவனம். சேரும்போதே எழுதி வாங்கிக்கங்க, மொகம் தெரியற போட்டோவ ஃபேஸ்புக்கு இன்ஸ்டான்னு வெளிய போடாதீங்க, கைய மட்டும் எடுங்க, செஞ்ச பொருள எடுங்க. அதே மாதிரி நல்லா செஞ்ச நாலு புள்ளைங்க படத்தையே போட்டுட்டு இருந்தீங்கன்னா மீதி வீடெல்லாம் சத்தமில்லாம கழண்டுக்கும். நான் ஒரு நோட்டுல டிக்கு போட்டு வெக்கறேன், எந்த வீட்டுப் புள்ள படம் கடைசியா எப்ப போச்சுன்னு.

"மார்க்கு வருமா சார்?"

கேப்பாங்க. கேக்கறது தப்பு இல்ல, அவங்க காசு, அவங்க கவலை. வரும்னு பொய் சொல்லாதீங்க. நான் ஸ்கூல் பாடப் புத்தகத்த தொறந்து காட்டுவேன், இந்த மாசம் செஞ்சது இந்தப் பாடத்துல இருக்குன்னு, அமில காரம், மின்சுற்று, சமச்சீர், அதெல்லாம் அங்கயே இருக்குல்ல. அதுக்கு மேல என்னால ஒண்ணும் சொல்ல முடியாதுன்னும் சொல்லிடுவேன்.

மேல போக ஆசைப்படறவங்களுக்கு வழி காட்டுங்க. தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993லேருந்து நடக்குது, 10லேருந்து 17 வயசு, உள்ளூர் பிரச்னைய எடுத்து ஆராயணும், நம்ம இட்லி மாவு மாதிரி. ஸ்கூல் புள்ளைங்களோட புது யோசனைக்கு மத்திய அரசோட இன்ஸ்பயர் மானக் திட்டம் இருக்கு, யோசனை தேர்வானா 10,000 ரூபா, ஆனா ஸ்கூல் மூலமாத்தான் போட முடியும், அதனால ஹெட்மாஸ்டர்கிட்ட முன்னாடியே நல்லா பழகி வெச்சுக்கங்க. அரசு ஸ்கூல்ல ஆறுலேருந்து எட்டு வரைக்கும் 2022லேருந்து அறிவியலும் கணக்கும் செஞ்சு பாத்து கத்துக்கற வானவில் மன்றம் இருக்கு, அங்க வர்ற கருத்தாளர்கிட்ட பேசுங்க, போட்டியா நெனைக்காதீங்க, உங்க புள்ளைங்க பாதி அங்கயும் இருக்கும்.

கண்காட்சி நாள்

வருஷத்துக்கு ரெண்டு. முதல் தடவை நான் சிறப்பு விருந்தினர் கூப்டேன், பொன்னாடை போத்துனேன், அவரு நாப்பத்தஞ்சு நிமிஷம் பேசுனாரு, புள்ளைங்க செஞ்ச எரிமலை அதுக்குள்ள காஞ்சு போச்சு. இனிமே கெடையாது. விருந்தினர் இல்ல, நாற்காலி இல்ல, மேடை இல்ல. வர்ற பெரியவங்க கையில ஒரு அட்டை, அதுல மூணு கேள்வி, எந்தப் புள்ளகிட்டயாச்சும் கேட்டு எழுதணும், தன் புள்ளகிட்ட கேக்கக்கூடாது. இந்த ஒரு ரூல் முக்கியம். தன் புள்ளன்னா திருத்தத்தான் தோணும், அடுத்த வீட்டுப் புள்ளன்னா கேக்கத் தோணும்.

கடைசி அரை மணி நேரம் குடும்பப் போட்டி. ஒரு குடும்பத்துக்கு இருபது பழைய நியூஸ்பேப்பர் தாள், ஒரு செல்லோ டேப்பு, பதினஞ்சு நிமிஷம், யாரு கோபுரம் ஒசரம்னு. அப்பாக்கள் எல்லாம் நிமித்தி நிறுத்தப் பாத்து சரிஞ்சு விழும், சுருட்டி முக்கோணமா கட்டுனவங்க ஜெயிப்பாங்க. போன தடவை ஜெயிச்சது பூக்கட்டற ஆத்தா ஒருத்தங்க, டேப்ப தொடவே இல்ல, தாளையே நாரு மாதிரி கிழிச்சு முடிச்சு போட்டுட்டாங்க.

வராம போறவங்க

ரெண்டு ஞாயிறு தொடர்ந்து வரலன்னா போன் பண்ணுங்க, மூணாவது வாரம் ஆச்சுன்னா அவங்களுக்கே கூச்சம் வந்துடும், அப்புறம் தெருவுல பாத்தாலும் ஒதுங்கிப் போவாங்க. "ஏன் வரல"ன்னு கேக்காதீங்க, "அவன் செஞ்ச காத்தாடி இங்கயே இருக்கு, எடுத்து வெச்சிருக்கேன்"னு சொல்லுங்க.

பொண்ணுங்க ஏழாவது எட்டாவது வந்ததும் நின்னுடறாங்க, இத பாத்தும் பாக்காத மாதிரி இருக்க முடியாது. படிப்புல ஆர்வம் போயிடறதால இல்ல. மாடி டாய்லெட்டுக்கு தாழ்ப்பாள் சரியில்ல, கூட வர ஆளு இல்ல, பசங்க கூட உக்காரணும், இதான். முதல்ல தாழ்ப்பாள் மாத்துனேன், ஒரு டப்பாவுல நாப்கின் வெச்சேன், ஒரு அம்மா கண்டிப்பா முழு நேரமும் இருக்கற மாதிரி முறை போட்டோம், ஒரே தெருப் பொண்ணுங்க சேந்து வந்து சேந்து போற மாதிரி ஏற்பாடு. நின்ன நாலு பேர்ல மூணு பேரு திரும்பி வந்தாங்க. ஒருத்தி வரல, அவங்க வீட்டுக்கு நான் மூணு தடவை போனேன், இப்பவும் பண்டிகைக்கு போய் பாத்துட்டுத்தான் வர்றேன்.

எதுல ஆரம்பிக்கறது

கிட்டு கிடையாது, காசு கிடையாது, ஆனா குடும்பத்தோட வரணும்னா நிழலில்லா நாள்லயே ஆரம்பிங்க. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவுல இருக்கற எல்லா ஊருக்கும் வருஷத்துல ரெண்டு நாள் சூரியன் நேர் தலைக்கு மேல வரும், தமிழ்நாடு முழுக்க அதுக்குள்ளதான் இருக்கு. கும்பகோணத்துக்கு ஏப்ரல் 19 வாக்குல, சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்குல, உங்க ஊரு தேதிய அட்சரேகை வெச்சு பாத்துக்கங்க. ஆகஸ்ட்லயும் ஒண்ணு வரும், ஆனா மேகம் கவுத்துடும். தேதி வார நாள்ல வந்தா கவலப்படாதீங்க, பக்கத்து ஞாயிறே வைங்க, மூணு நாள் தள்ளிப்போனாலும் ஒரு மீட்டர் குச்சிக்கு நிழல் ரெண்டு சென்டிமீட்டருக்குள்ளதான் இருக்கும், அந்த ரெண்டு சென்டிமீட்டர் எந்தப் பக்கம் சாயுதுன்னு பாக்கறதே இன்னொரு கேள்வி.

பதினொன்றரைக்கே வரச் சொல்லுங்க. வீட்டுக்கு ஒரு சொம்பு, ஒரு சாக்பீஸ். சொம்ப வெச்சு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழல சுத்தி கோடு போடணும், அப்பா போடலாம், பாட்டி போடலாம். பன்னண்டு மணிக்குத்தான் உச்சின்னு எல்லாரும் அடிச்சு சொல்லுவாங்க, பன்னண்டு அடிச்சும் கொஞ்சம் நிழல் இருக்கும், உங்கள ஒரு மாதிரி பாப்பாங்க, விட்டுடுங்க. பன்னண்டு பத்து பன்னண்டே காலுக்குள்ள நிழல் சொம்புக்கு அடியில போயிடும், அப்ப கடிகார நேரத்துக்கும் நம்ம ஊரு நேரத்துக்கும் என்ன வித்தியாசம்னு அவங்களே கேப்பாங்க. ஏப்ரல் மாடி தரை அடுப்பு மாதிரி இருக்கும், யாரையும் செருப்பு கழட்ட விடாதீங்க, சூரியன நேரா பாக்க விடாதீங்க, ஒரு தூக்கு நிறைய நீர்மோர் கரைச்சு படிக்கட்டு நிழல்ல வெச்சுடுங்க.